இன்ச் டேப்பை எங்கே வைப்பது?

கேள்வி: என் மகளுக்கு ஏழு மாதம். கர்ப்பத்தின் ஏழாம் மாத ஸ்கேனில் தொடை எலும்பு குட்டையாக இருக்கிறது என்றார்கள். பிறந்த பிறகு எக்ஸ்ரேயும் மரபணுப் பரிசோதனையும் எடுத்து 'அகோண்ட்ரோபிளேசியா' (கைகால் எலும்புகள் குட்டையாகவே வளரும் பிறவிக் கோளாறு) என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். எனக்கு 34 வயது, கணவருக்கு 43. எங்கள் இருவர் குடும்பத்திலும் இப்படி யாரும் இல்லை. மூத்தவனுக்கு ஆறு வயது, வயதுக்கேற்ற உயரம். கர்ப்பமாக இருந்தபோது ஒருமுறை வழுக்கி விழுந்தேன், காய்ச்சலுக்கு மாத்திரை சாப்பிட்டேன். அதனால் வந்ததா? ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இன்ச் டேப் வைத்து அவளை அளக்கிறேன். இன்னும் உட்காரவில்லை. தலையணை அண்டக் கொடுத்து உட்காரப் பழக்கலாமா? ராத்திரியில் குறட்டை விடுகிறாள், தலை நனைகிற அளவுக்கு வியர்க்கிறது. கால்சியம், வளர்ச்சி ஹார்மோன், புதிதாக வந்திருக்கும் ஊசி என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். இன்னொரு குழந்தை பெற்றால் அதற்கும் இதே வருமா? "பாப்பா எப்போ பெரிசாவா?" என்று மூத்தவன் கேட்கும்போது எனக்குத் தொண்டை அடைத்துவிடுகிறது.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கேள்விக்குறி போட்டு நிறையக் கேட்டிருக்கிறீர்கள். கேள்விக்குறி இல்லாமல் போகிறபோக்கில் ஒரு வரியும் எழுதியிருக்கிறீர்கள்: ராத்திரிக் குறட்டை, தலை நனைகிற வியர்வை. என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அந்த வரிதான். மற்ற எல்லாவற்றுக்கும் நேரம் இருக்கிறது, இதைத் தள்ளிப்போட வேண்டாம். இந்த வாரமே குழந்தைகள் நல மருத்துவரைப் பார்த்து இரண்டைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். ஒன்று, இரவு முழுக்கச் செய்யும் தூக்கப் பரிசோதனை. இன்னொன்று, தலையும் கழுத்தும் சேரும் இடத்துக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன்.

ஏன் இந்த அவசரம் என்று சொல்லிவிடுகிறேன். இது புரிந்தால் மற்ற கேள்விகளில் பாதிக்கு நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள்.

நம் எலும்புகள் இரண்டு வழியில் உருவாகின்றன. கை, கால், முதுகெலும்பு எல்லாம் முதலில் குருத்தெலும்பாக இருந்து பிறகு எலும்பாக இறுகுபவை. மண்டையோட்டின் மேல்கூடு அப்படியில்லை, சவ்விலிருந்து நேராக எலும்பாகிவிடும். குருத்தெலும்பு எவ்வளவு வேகமாக வளரலாம் என்பதற்கு உடம்பில் ஒரு பிரேக் இருக்கிறது. எஃப்.ஜி.எஃப்.ஆர்.3 என்ற மரபணு செய்யும் புரதம் அது. எல்லோருக்கும் அந்த பிரேக் தேவையான நேரத்தில் பிடித்து, பிறகு விடும். உங்கள் மகளுக்கு அது பிடித்தபடியே நிற்கிறது. அதனால்தான் கைகால்கள் குட்டை, அதிலும் தோளுக்கும் முழங்கைக்கும் இடையிலுள்ள பகுதியும் தொடையும் இன்னும் குட்டை. மேல்கூட்டுக்கு இந்த பிரேக்கோடு வேலையே இல்லாததால் தலை பெரிதாகவும் நெற்றி எடுப்பாகவும் இருக்கிறது.

இதெல்லாம் பார்க்கிற எல்லோர் கண்ணிலும் படும். கண்ணில் படாத இடம் மண்டையோட்டின் அடித்தளம். அதுவும் குருத்தெலும்பிலிருந்து வருவதுதான். அதில் ஒரு துளை உண்டு. மூளைத்தண்டு அதன் வழியாக இறங்கித் தண்டுவடமாகிறது. தொடை எலும்பைக் குட்டையாக்கிய அதே பிரேக் அந்தத் துளையையும் சிறியதாக்கிவிடுகிறது. மூச்சு விடச் சொல்லும் நரம்பு மையங்கள் மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியில், அந்தத் துளைக்கு மிக அருகில் இருக்கின்றன. அங்கே நெருக்கினால் குழந்தை தூக்கத்தில் சில நொடிகள் மூச்சையே மறந்துவிடும். முதல் இரண்டு வயதில்தான் இந்த ஆபத்து அதிகம். முன்பு இதைத் தேடிப் பார்க்கும் வழக்கம் இல்லாததால் இப்படிப்பட்ட குழந்தைகள் சிலர் தூக்கத்திலேயே போய்விட்டார்கள். அதனால்தான் இப்போது அறிகுறி இல்லாத குழந்தைக்கும் தூக்கப் பரிசோதனை செய்யச் சொல்கிறோம். உங்கள் மகளுக்கு அறிகுறியும் இருக்கிறது.

வியர்வை எல்லாக் குழந்தைகளுக்கும் வரும். குறட்டைக்கும் வேறொரு எளிய காரணம் இருக்கலாம். முகத்தின் நடுப்பகுதியும் சரியாக வளராததால் மூக்குக்குப் பின்னால் இடம் குறைவு, அடினாய்டு சதை கொஞ்சம் வீங்கினாலே வழி அடைத்துக்கொள்ளும். வழி அடைத்ததால் மூச்சு நிற்கிறதா, மூளை சொல்லாததால் நிற்கிறதா என்பதைத் தூக்கப் பரிசோதனைதான் பிரித்துச் சொல்லும். இரண்டாவது வகையில் குறட்டைச் சத்தமே இருக்காது என்பதை நினைவில் வையுங்கள். 'இன்றைக்கு அமைதியாகத் தூங்குகிறாள்' என்று நிம்மதியடைய முடியாத நோய் இது.

இன்றிரவு அவள் நன்றாகத் தூங்கிய பிறகு பத்து நிமிடம் பக்கத்தில் உட்காருங்கள். சட்டையைக் கழற்றி, மங்கலான விளக்கில் நெஞ்சையும் வயிற்றையும் பாருங்கள். மூச்சு இழுக்கும்போது விலா எலும்புகளுக்கு நடுவே குழி விழுகிறதா? கழுத்தைப் பின்னால் வளைத்துத் தலையைத் தூக்கிக்கொண்டு தூங்குகிறாளா? மூச்சு நின்று, பிறகு விருட்டென்று ஓர் இழுப்பு வருகிறதா? செல்போனில் வீடியோ எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள், வாயால் சொல்வதை விட அது நன்றாகப் பேசும். பால் குடிக்கும்போது அடிக்கடி புரையேறுவது, கால்கள் வழக்கத்தை விடத் துவள்வது அல்லது விறைப்பது, பாதத்தை மேலே மடக்கினால் தானாகத் துடிப்பது, இவற்றில் எது இருந்தாலும் அதையும் சொல்லுங்கள். உதடு நீலமானாலோ, எழுப்பினால் எழாமல் துவண்டாலோ பரிசோதனைத் தேதிக்குக் காத்திருக்காதீர்கள், நேரே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

நெருக்கம் அதிகம் என்று தெரிந்தால் அந்தத் துளையை அகலப்படுத்தும் அறுவை சிகிச்சை இருக்கிறது. குழந்தைகளுக்கான நரம்பியல் அறுவை நிபுணர்கள் செய்வது. எல்லோருக்கும் தேவைப்படாது. பெரும்பாலான குழந்தைகளுக்கு வளர வளர இடம் கொஞ்சம் கூடி, ஆபத்தும் குறைந்துவிடும். அதுவரை கழுத்தைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். தூக்கும்போது ஒரு கை எப்போதும் தலைக்கும் கழுத்துக்கும் கீழே இருக்கட்டும். மேலே தூக்கிப்போட்டுப் பிடிக்கும் விளையாட்டு இவளுக்கு வேண்டவே வேண்டாம், ஆசையாக வரும் மாமாவாக இருந்தாலும் சரி. தூங்கும்போது மல்லாக்கப் படுக்க வையுங்கள். காரில் போனால் பின்பக்கம் பார்த்த குழந்தை இருக்கையில் எவ்வளவு காலம் முடியுமோ அவ்வளவு காலம் வைத்திருங்கள். எந்த அறுவை சிகிச்சையாக இருந்தாலும், காதில் சின்னக் குழாய் வைப்பதாகவே இருந்தாலும், மயக்க மருத்துவரிடம் நோயின் பெயரை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மூச்சுக்குழாய் பொருத்துவதற்காகத் தலையைப் பின்னால் சாய்ப்பதில் இவளுக்குத் தனிக் கவனம் வேண்டும்.

இப்போது உங்கள் இன்ச் டேப்புக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை அளவை நிறுத்துங்கள். ஒரு வாரத்தில் எந்தக் குழந்தையும் டேப்பில் தெரிகிற அளவுக்கு வளராது. புரளும் குழந்தையைப் படுக்கையில் அளந்தால் கை ஆட்டத்திலேயே ஒரு சென்டிமீட்டர் போய்விடும். அந்த டேப்புக்கு வேறு வேலை தருகிறேன். மாதம் ஒருமுறை தலையைச் சுற்றி அளங்கள். முன்னால் புருவத்துக்குச் சற்று மேலே, பக்கத்தில் காதுக்கு மேலே, பின்னால் மண்டை எங்கே அதிகம் புடைத்திருக்கிறதோ அங்கே. மூன்று முறை அளந்து பெரிய எண்ணைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். இவர்களில் சிலருக்கு மண்டைக்குள் நீர் கோத்துக்கொள்ளும். தலைச் சுற்றளவு திடீரென ஏறுவதுதான் அதன் முதல் தடயம். உச்சிக்குழி புடைத்துத் தெறிக்கிற மாதிரி இருப்பது, விடாத வாந்தி, வழக்கமில்லாத சோர்வு, இவையும் அப்படித்தான். மருத்துவர் இந்த எண்களை அகோண்ட்ரோபிளேசியாவுக்கென்றே இருக்கும் வளர்ச்சி அட்டவணையில் குறிக்கிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சாதாரண அட்டவணையில் வைத்தால் இவள் தலை எப்போதும் பெரிதாகவும் உயரம் எப்போதும் குறைவாகவும்தான் காட்டும். அதில் பயப்படவும் எதுவுமில்லை, தெரிந்துகொள்ளவும் எதுவுமில்லை.

உட்கார வைப்பது பற்றி. தலையணை அண்டக் கொடுக்காதீர்கள். இவளுக்குத் தலை கனம், தசைகள் தளர்ச்சி, முதுகுத் தசைக்கு இன்னும் பலம் வரவில்லை. இந்த நிலையில் நிமிர்த்தி உட்கார வைத்தால் முதுகின் கீழ்ப்பாதி வெளியே வளைந்து அரிவாள் மாதிரி ஆகிவிடும். அந்த வளைவில் தினமும் கிடந்தால் முதுகெலும்பின் முன்பகுதி நசுங்கி ஆப்பு வடிவமாகி, கூன் நிலைத்துவிடலாம். துணி மாதிரி குழியும் தள்ளுவண்டி, தொங்கும் ஊஞ்சல் இருக்கை, முதுகை மடக்கும் தூளிப் பைகள் எல்லாம் இதே காரணத்துக்காகவே வேண்டாம். முதுகுக்குக் கெட்டியான தாங்கல் உள்ள, நன்றாகச் சாய்ந்த இருக்கை சரி. விழித்திருக்கும் நேரத்தில், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது, குப்புறப் போட்டு விளையாட விடுங்கள். முதுகும் கழுத்தும் அப்படித்தான் பலப்படும். அவளாக உட்காரும் நாளில் உட்காரட்டும்.

அந்த நாள் தாமதமாகத்தான் வரும். நடையும் அப்படித்தான். ஒன்றரை வயதைத் தாண்டி நடப்பது இவர்களுக்குச் சாதாரணம், சிலர் இரண்டு வயதையும் தாண்டுவார்கள். இதற்கும் புத்திக்கும் சம்பந்தமில்லை, அறிவு வளர்ச்சி மற்றக் குழந்தைகளைப் போலத்தான். நடப்பதற்கு முன்னால் இவர்கள் நகர்வதைப் பார்க்க வேண்டுமே! தலையைத் தரையில் ஊன்றி, இடுப்பைத் தூக்கி, கால்களால் உந்திக்கொண்டே அறையைக் கடந்துவிடுவார்கள். மல்லாந்து படுத்து, குதிகாலால் உதைத்து, பின்னோக்கிப் போகிறவர்களும் உண்டு. கட்டை மாதிரி உருண்டே கதவுக்கு வந்துவிடுகிற கெட்டிக்காரர்களும் உண்டு. கனமான தலையையும் குட்டைக் கால்களையும் வைத்து அந்தக் குழந்தைகள் தாங்களே கண்டுபிடிக்கிற வழிகள் இவை. நேராகத் தவழவில்லையே என்று திருத்தப் போகாதீர்கள். கைக்குழந்தையாக இருக்கும்போது தெரியும் முதுகு வளைவு, நடக்கத் தொடங்கிய பிறகு பெரும்பாலானவர்களுக்குத் தானே நிமிர்ந்துவிடுகிறது.

அடுத்தது, உங்கள் நெஞ்சை அறுக்கிற கேள்வி. விழுந்ததால் வரவில்லை. மாத்திரையால் வரவில்லை. நீங்கள் சாப்பிட்டது, சாப்பிடாதது, பட்ட கவலை எதனாலும் வரவில்லை. நான்காவது குரோமோசோமில் உள்ள அந்த மரபணுவில் ஓர் எழுத்து மாறியதால், புரதத்தின் 380-வது இடத்தில் கிளைசின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் அர்ஜினின் என்ற வேறோர் அமினோ அமிலம் வந்து உட்கார்ந்துவிட்டது. அவ்வளவுதான். 1994-இல் இதைக் கண்டுபிடித்தபோது ஆராய்ச்சியாளர்களே வியந்த விஷயம், அநேகமாக எல்லா நோயாளிகளுக்கும் மாறியிருந்தது அதே ஓர் எழுத்துதான். ஏறத்தாழ 25,000 பிறப்புகளுக்கு ஒன்று இப்படி அமைகிறது. அப்படிப் பிறப்பவர்களில் நூற்றுக்கு 80 பேரின் பெற்றோர் உங்களைப் போலச் சராசரி உயரம் உள்ளவர்கள்தான். கருவுற்ற அந்தக் கணத்திலேயே எழுத்து மாறியாகிவிட்டது, நீங்கள் வழுக்கி விழுந்தது அதற்குப் பிறகு நடந்தது.

உங்கள் கணவரின் வயதைக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். எங்கோ படித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். உண்மைதான், புதிதாக ஏற்படும் இந்த மாற்றம் ஏறக்குறைய எப்போதும் தந்தையின் விந்தணு வழியாகத்தான் வருகிறது, தந்தைக்கு வயது கூடக் கூட வாய்ப்பும் கொஞ்சம் கூடும். விந்தணுவை உண்டாக்கும் மூலச் செல்கள் வாழ்நாள் முழுக்கத் தங்களைப் பிரதி எடுத்துக்கொண்டே இருக்கின்றன. எங்கோ ஒரு பிரதியில் இந்த எழுத்து பிசகுகிறது. வேடிக்கை என்னவென்றால், எலும்பில் பிரேக்காக நிற்கும் இதே மாற்றம், அந்த மூலச் செல்லுக்கு மட்டும் அனுகூலமாக அமைந்து, அது பக்கத்துச் செல்களை விட அதிகமாகப் பெருகிவிடுகிறது. அப்படியிருந்தும் 43 வயதுத் தந்தையர் பல்லாயிரம் பேரில் ஒருவருக்குத்தான் இது நேர்கிறது. ஆகவே இதைப் படித்துவிட்டு அவர் பக்கம் திரும்பாதீர்கள். உங்கள் மேல் இருந்த பழியை இறக்கி அவர் மேல் வைப்பதற்காக நான் இதை எழுதவில்லை.

இனி மருந்துகள். பிரேக் பிடித்து நிற்கும் வண்டிக்குப் பெட்ரோல் ஊற்றி என்ன பயன்? கால்சியம், வைட்டமின் டி எல்லாம் இரத்தத்தில் குறைந்திருந்தால் மட்டும் கொடுக்க வேண்டியவை, உயரத்துக்காக அல்ல. இவளுக்கு வளர்ச்சி ஹார்மோன் குறைவு கிடையாது. கொடுத்தால் ஆரம்பத்தில் கொஞ்சம் ஏறுவது போலத் தெரியும், நீடிக்காது, உடல் விகிதமும் மாறாது.

புதிதாக வந்திருக்கும் ஊசி வேறு ரகம். வோசோரிடைட் என்று பெயர். நம் உடம்பிலேயே அந்த பிரேக்குக்கு எதிர்ப்பக்கம் இழுக்கும் ஒரு பொருள் இருக்கிறது, இது அதைப் போலச் செய்யப்பட்டது. அதனால் கோளாறின் வேருக்கு அருகிலேயே போய் வேலை செய்கிறது. 2021-இல் முதலில் ஐரோப்பாவிலும் பிறகு அமெரிக்காவிலும் அனுமதி கிடைத்தது. அமெரிக்காவில் முதலில் 5 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும், 2023-இல் கைக்குழந்தைகளுக்கும் சேர்த்து. தினமும் தோலுக்கடியில் ஓர் ஊசி, எலும்பின் வளர்ச்சித் தட்டுகள் மூடும் வரை, அதாவது பதின்பருவம் வரை. 121 பிள்ளைகளிடம் ஓராண்டு நடந்த முக்கியமான ஆய்வில், போலி ஊசி போட்டவர்களை விட இதைப் போட்டவர்கள் அந்த ஆண்டில் சுமார் 1.6 சென்டிமீட்டர் கூடுதலாக வளர்ந்தார்கள். ஊசி போட்ட சிறிது நேரத்துக்கு இரத்த அழுத்தம் இறங்கலாம், அதனால் முன்னதாகப் பால் குடித்திருக்க வேண்டும்.

இதைத் தொடங்கலாமா? மரபணு மருத்துவரோடும் ஹார்மோன் மருத்துவரோடும் உட்கார்ந்து பேச வேண்டிய கேள்வி, தொடங்குவதில் தவறில்லை. என் கருத்தைக் கேட்டால், தூக்கப் பரிசோதனையும் கழுத்து ஸ்கேனும் முடியாமல் அந்தப் பேச்சை எடுக்காதீர்கள். அந்த ஆய்வு அளந்தது வளரும் வேகத்தை. மூச்சு நிற்பதற்கு அந்த ஊசி மருந்தல்ல. 1.6 சென்டிமீட்டருக்காக அலைகிற அவசரத்தில் மூச்சைத் தவறவிட்டுவிடக் கூடாது. எலும்பை வெட்டி, வெளியே சட்டம் பொருத்தி, நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம் நீட்டும் அறுவை சிகிச்சை பற்றியும் யாராவது சொல்வார்கள். மாதக்கணக்கில் வலியும் தொற்று ஆபத்தும் உள்ள வேலை அது. அவள் கால், அவள் வளர்ந்து புரிந்துகொண்டு முடிவு செய்யட்டும்.

இந்த உடல்வாகு உள்ள பெண்களின் சராசரி உயரம் சுமார் 124 சென்டிமீட்டர், ஆண்களுக்கு சுமார் 131. அந்த எண்ணை ஒருமுறை தெரிந்துகொண்டு ஓரமாக வைத்துவிடுங்கள். அதை விட நான் கவனிக்கச் சொல்வது காதை. நடுக்காதில் நீர் தங்குவது இவர்களுக்குச் சகஜம். கேட்பது மந்தமானால் பேச்சு தாமதமாகும், பேச்சு தாமதமானால் ஊர் 'புத்தி மந்தம்' என்று முடிவு கட்டிவிடும். ஒரு வயதுக்குள் ஒரு செவித்திறன் பரிசோதனை, பிறகு ஆண்டுதோறும். எடை கூடாமல் பார்ப்பதும் கால் வளைவைக் கவனிப்பதும் பின்னால் வரும் வேலைகள். பெரியவளானதும் கொஞ்ச தூரம் நடந்தாலே கால் மரத்து, குந்தி உட்கார்ந்தால் சரியாகிறது என்று சொன்னால், முதுகின் கீழ்ப்பகுதியில் தண்டுவட நரம்புகள் நெருக்கப்படுகின்றன என்று பொருள், அப்போது தாமதிக்கக் கூடாது.

இன்னொரு குழந்தை? தாராளமாக. பெற்றோர் இருவரும் சராசரி உயரமாக இருக்கையில் மறுபடி வரும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. மூத்தவனிடம் இந்த மாற்றம் இல்லை. இருந்திருந்தால் அவன் உடம்பிலேயே தெரிந்திருக்கும், ஒளிந்து கடத்தப்படுகிற வகை இல்லை இது. உங்கள் மகளுக்கு ஒருநாள் பிள்ளை பிறந்தால் ஒவ்வொரு முறையும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அது அவள் கணக்கு, இப்போது நீங்கள் போட வேண்டாம்.

கடைசியாக மூத்தவன். அவன் கேட்பதில் துக்கம் எதுவும் இல்லை, தகவல்தான் கேட்கிறான். "பாப்பா வளருவா. பேசுவா, ஓடுவா, உன்னோட சண்டை போடுவா. உன் அளவுக்கு உயரமா மட்டும் வர மாட்டா, அவ எலும்பு அப்படி" என்று சொன்னால் போதும். ஆறு வயதுக்கு அது முழுப் பதில். எட்டு வயதில் மறுபடி கேட்பான், அப்போது பிரேக் கதையைச் சொல்லலாம். வெளியே யாராவது கேட்டாலும் அவன் அதே வரியைச் சொல்லிக்கொள்வான். அவனுக்கு ஒரே ஓர் எச்சரிக்கை: தங்கைக்கு ஐந்து வயதாகும்போது வயதை விடச் சின்னக் குழந்தை மாதிரி தெரிவாள், எல்லோரும் தூக்கிக் கொஞ்சப் பார்ப்பார்கள். அவள் செய்ய முடிந்ததை அவளையே செய்ய விட வேண்டும். இது அவனுக்கு மட்டும் அல்ல, உங்களுக்கும் சேர்த்துத்தான்.

அடுத்த மாதம் தலையை அளக்கும்போது டேப்பின் ஒரு முனையை அவனைப் பிடிக்கச் சொல்லுங்கள். எண்ணையும் அவனே நோட்டில் எழுதட்டும். தூக்கப் பரிசோதனை முடிவு கைக்கு வந்ததும் எனக்கு எழுதுங்கள்.